சுரங்க ரயிலும் காலக் கணக்கும்

1959-ஆம் ஆண்டு டிசம்பரில் பாஸ்டன் நகரில் கூடிய கணிப்பொறி மாநாட்டில் ஜேம்ஸ் கெல்லி, மார்கன் வாக்கர் என்னும் இருவர் ஓர் ஆய்வுரை அளித்தனர். பெரும்பணியைச் சிறு பணிகளாகப் பகுத்து, எது முடிந்தபின் எது தொடங்கும் என்பதை அம்புக்குறிகளால் வரைந்து, நாட்களைக் கூட்டுவதே அவர்கள் விளக்கிய முறை. மிக நீண்ட தொடருக்கு நெருக்கடிப் பாதை என்று பெயர். பணி முடியும் நாளை அதுவே நிர்ணயிக்கிறது.

கொல்கத்தாவின் முதல் சுரங்க ரயில் பாதையைக் கொண்டு இதனை விளக்கலாம். அங்குப் பெரும்பகுதி, சாலையை வெட்டிக் கான்கிரீட் கூடு கட்டிப் பின் மூடும் முறையிலேயே அமைந்தது. முதலில் குடிநீர்க் குழாய், சாக்கடை, மின்கம்பி இவற்றை இடம் மாற்ற வேண்டும், அடுத்துப் பக்கச் சுவர்கள், பிறகே அகழ்தல். அகழும்போது சுவர்களுக்கிடையே முட்டுக் கொடுக்க எஃகு உத்திரங்கள் வேண்டும்.

குழாய் மாற்ற 90 நாள், சுவருக்கு 50 நாள், உத்திரம் வந்துசேர 60 நாள் எனக் கொள்வோம். அகழ்தல் 140 நாட்களுக்குப் பின்னரே தொடங்கும். உத்திரம் 80 நாள் பிந்தினும் கேடில்லை. அதனை விரைவுபடுத்தச் செலவிடும் பணம் வீணே. குழாய் வேலையோ ஒரு நாள் பிந்தினும் அனைத்தும் பிந்தும். ஆனால் உத்திரம் 80 நாளையும் கடந்து தாமதித்தால் நெருக்கடிப் பாதையே இடம் மாறிவிடும். ஆகவே, ஒருமுறை வரைந்து சுவரில் மாட்டிய படம் பயன்படாது.

நிதிக் குறைவு, குழாய் மாற்றம், நீதிமன்றத் தடை, பொருள் தட்டுப்பாடு ஆகிய நான்கும் கொல்கத்தாவில் ஒருங்கே நேர்ந்தன. 1972-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற அப்பாதையில், எஸ்பிளனேடு முதல் பவானிபூர் வரையிலான 3.4 கிலோமீட்டரில் ரயில் ஓடத் தொடங்கியது 1984 அக்டோபர் 24-ஆம் நாளன்று.