குரலே கிடார்

கேள்வி: கிடார், டிரம்ஸ் வாங்க வசதியில்லை. வெறும் குரலிலேயே ராக் பாட முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். ‘தி ஹூ’ குழுவின் 1967-ஆம் ஆண்டு ஆல்பமான ‘தி ஹூ செல் அவுட்’ முழுவதையும் அமெரிக்கப் பாடகி பெட்ரா ஹேடன் தன் குரலாலேயே பாடி 2005-இல் வெளியிட்டார். கிடார், டிரம்ஸ் எல்லாமே அவர் குரல்தான்! நண்பர் மைக் வாட் தந்த எட்டு டிராக் கேசட் ரெக்கார்டரில் குரல் மேல் குரலாகப் பதிந்து அடுக்கினார். அத்தனை பொறுமை!

உங்களுக்குச் செல்போனே போதும். முதலில் பேஸ் கிடாரின் பகுதியை முனகிப் பதியுங்கள். மற்றதெல்லாம் அதன்மேல்தான் நிற்கும். துணையின்றிப் பாடும்போது சுருதி மெல்ல இறங்கிவிடும். அதனால் காதில் தம்புரா ஒலி ஓடிக்கொண்டே இருக்கட்டும். இன்றைக்கே தொடங்குங்கள்.