ஃபோன் கவருக்குள் ஒரு வசனம்

காலை ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் ஆறு மணிக்கே மாங்காடு பேருந்து நிறுத்தத்தில் நிற்பார்கள். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை பக்கம் போகும் கம்பெனி பஸ் வரும்வரை எல்லார் கையிலும் ஃபோன். அந்தக் கண்ணாடிக் கவருக்குள் சிலர் காமாட்சியம்மன் படம் வைத்திருப்பார்கள். சிலர் ஒரு சின்ன அட்டை வைத்திருப்பார்கள். டிசம்பர் 31 இரவு ஆராதனையில், புது வருடத்துக்கென்று ஒரு வேத வசனம் அச்சிட்டுச் சபையில் கொடுத்த வாக்குத்தத்த அட்டை.

மனச்சுமையோடு வருகிறவர்கள் இந்த ஊருக்குப் புதிதில்லை. ஆறு வாரம் எலுமிச்சம்பழத்தோடு அம்மன் சன்னதிக்கு வந்து வேண்டிக்கொள்வது இங்கே வழக்கம். கிறிஸ்தவ வீடுகளிலும் அதே கடன், அதே வரன் கவலை, அதே ஸ்கேன் ரிப்போர்ட் பயம். அந்த நேரத்தில் நாங்கள் பிடித்துக்கொள்வது வசனத்தை.

2015 டிசம்பர் முதல் தேதி இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டபோது, நான் குன்றத்தூர் பக்கம் உறவினர் வீட்டு மாடியில் இருந்தேன். கரண்ட் இல்லை. ஃபோன் அணைந்துவிட்டது. பர்ஸில் இருந்த அந்த வருடத்து அட்டை மழையில் ஊறி எழுத்து அழிந்திருந்தது. அதில் என்ன வசனம் என்று யோசித்துப் பார்த்தேன், வரவில்லை. பதினோரு மாதம் கூடவே சுமந்த வசனம்! அப்போது வாயில் வந்தது ஞாயிறு பள்ளியில் ஏழு வயதில் படித்த 23ஆம் சங்கீதம்தான். விடியும்வரை எத்தனை தடவை சொன்னேன் என்று கணக்கில்லை. வசனத்தைக் கையருகே வைப்பது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை

கொஞ்சமாக வைத்துக்கொள்ளுங்கள். மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் நாற்பது நாள் பசித்திருந்த இயேசுவுக்கு மூன்று சோதனைகள் வருகின்றன. மூன்றுக்கும் அவர் வேதத்திலிருந்தே பதில் சொல்கிறார். அந்த மூன்று பதிலும் உபாகமம் 6, 8 ஆகிய இரண்டே அதிகாரங்களில் இருக்கின்றன. முழு வேதமும் அறிந்தவர் அந்த வனாந்தரத்தில் எடுத்துக்கொண்டது அவ்வளவுதான். ஃபோனில் முந்நூறு வசனப் படங்களைச் சேமித்து வைத்திருக்கிறவருக்கு அவசரத்தில் ஒன்றும் கிடைக்காது. ஐந்தாறு போதும். ஆனால் அவை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும்.

எந்த நேரத்துக்கு எது என்று முன்கூட்டியே தீர்மானியுங்கள். எனக்குப் பழக்கமானதைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கும்போது சங்கீதம் 121. எட்டே வசனம், டோக்கன் எண் கூப்பிடுவதற்குள் இரண்டு தடவை சொல்லிவிடலாம். மாதத் தவணைத் தேதி நெருங்கி வயிறு கலங்கும்போது மத்தேயு 6ஆம் அதிகாரத்தின் கடைசிப் பத்து வசனங்கள். முடிவெடுக்கத் தெரியாமல் நிற்கும்போது யாக்கோபு 1:5. வீட்டில் வார்த்தை தடிக்கும்போது அதே அதிகாரத்தின் 19ஆம் வசனம். கேட்பதில் வேகம், பேச்சில் நிதானம் என்று அது கற்றுக்கொடுக்கிறது. இதை எழுதி அடுப்பு மேடைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன், எங்கள் வீட்டுச் சண்டைகள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும் என்பதால்.

வசனத்தை அதன் அதிகாரத்தோடு படியுங்கள். மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள். பவுல் எழுதியது கடிதம், எண் போட்ட வாக்கியங்களின் பட்டியலாக அவர் எழுதவில்லை. புதிய ஏற்பாட்டுக்கு இன்று நாம் பயன்படுத்தும் வசன எண்களைப் போட்டது 1551-ல் ராபர்ட் எஸ்தியேன் என்ற பிரெஞ்சு அச்சுக்காரர். எண் வந்ததால் தேடுவது சுலபமாயிற்று, பிய்த்து எடுப்பதும் சுலபமாயிற்று.

வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி வருவது எரேமியா 29:11. தேவன் நமக்காக நல்ல எதிர்காலத்தை நினைத்திருக்கிறார் என்ற ஆறுதல். அது யாருக்கு எழுதப்பட்டது? எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு. அதற்கு முந்தைய வசனம் எழுபது வருடம் காத்திருக்கச் சொல்கிறது. அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் திரும்பி ஊரைப் பார்த்திருக்க முடியாது. இன்னும் கொஞ்சம் மேலே, 5 முதல் 7 வரை, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், நீங்கள் போய்ச் சேர்ந்த அந்தப் பட்டணத்தின் நலனுக்காக ஜெபியுங்கள் என்று வருகிறது. திருநெல்வேலியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வேலைக்காக வந்து மாங்காட்டில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் எங்கள் சபையில் நிறைய. அவர்களோடு உட்கார்ந்து இந்த அதிகாரத்தை முழுவதும் வாசித்தபோது 11ஆம் வசனத்தைவிட 7ஆம் வசனம்தான் பேசப்பட்டது. இந்தத் தெருவில் தண்ணீர் தேங்கினால் அதுவும் நம் ஜெபக் குறிப்பு என்று ஓர் அண்ணன் சொன்னார். அட்டை மட்டும் கையில் இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

ஒரே மொழிபெயர்ப்பில் மனப்பாடம் செய்யுங்கள். பெரும்பாலான சீர்திருத்த சபைகளில் வாசிக்கும் தமிழ், ஹென்றி பவர் தலைமையில் திருத்தி 1871-ல் வெளியான பதிப்பின் வழி வந்தது. 1995-ல் வந்த திருவிவிலியம் இன்றைய தமிழுக்கு நெருக்கமானது. சங்கீதம் அதில் திருப்பாடல். அர்த்தம் புரிய இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மனதில் ஏற்றும்போது ஒன்றையே பிடியுங்கள். இரண்டும் கலந்தால் இருட்டில் நாக்கு தடுமாறும்.

இந்தத் தமிழுக்காக உழைத்தவர்களை நினைக்காமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, அங்கேயே அச்சுக்கூடம் வைத்து 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். 36 வயதில் இறந்துவிட்டார். அவருக்குப் பின் நம் சென்னை வேப்பேரியில் இருந்தவர் ஃபப்ரீசியஸ். ஒவ்வொரு சொல்லையும் திருத்தித் திருத்தி எழுதினார். அவருடைய புதிய ஏற்பாடு 1772-ல் வேப்பேரியிலேயே அச்சானது. பழைய ஏற்பாடு முழுவதும் வெளிவருவதைப் பார்க்காமலே 1791-ல் மறைந்தார். கடைசிக் காலத்தில் கடன் சிக்கலில் மாட்டிச் சிறையிலும் இருந்திருக்கிறார். நாளைய கவலை வேண்டாம் என்று இயேசு பேசியதைத் தமிழாக்க நாள்கணக்கில் உட்கார்ந்தவருக்கே கடன்காரர் தொல்லை என்ன என்று தெரிந்திருக்கிறது. தவணைத் தேதியில் அந்தப் பகுதியைத் திறக்கும்போது எனக்கு அவர் நினைவு வரும்.

வாய்விட்டுச் சொல்லுங்கள், கையால் எழுதுங்கள். நான்கு வரி நோட்டில் ஒரு வாரம் தினம் ஒருமுறை எழுதினால் நிற்கும்.

வசனம் சொன்னதை அன்றைக்கே ஒரு வேலையாகச் செய்யுங்கள். மத்தேயு 6 வாசித்துவிட்டு, கடன் கணக்கு நோட்டைத் திறந்து யாருக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். கடன் கொடுத்தவருக்கு நீங்களே ஃபோன் செய்து பேசுங்கள். பயத்தை வைத்துவிட்டு வா என்றுதான் அந்த அதிகாரம் கூப்பிடுகிறது. கணக்கை மூடி வைக்கச் சொல்லவில்லை.

அழும் சங்கீதங்களும் இருக்கட்டும். 13ஆம் சங்கீதம் இன்னும் எவ்வளவு காலம் என்று தேவனிடமே நான்கு தடவை கேட்கிறது. 88ஆம் சங்கீதம் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. இவற்றை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை. ஜெபிக்க வார்த்தை வராத நாளில் எனக்கு வாய் கொடுத்தவை இவைதான்.

செய்யக்கூடாதவை

வசனத்தைத் தாயத்தாக்காதீர்கள். தலையணைக்கு அடியில் வேதம், வண்டிக் கண்ணாடியில் 91ஆம் சங்கீதம், ஹெல்மெட் மட்டும் வீட்டில் என்றால் எப்படி? தேவாலய உச்சியில் நின்று, குதித்துப் பார் என்று இயேசுவிடம் சாத்தான் எடுத்துக்காட்டியதும் அதே 91ஆம் சங்கீதம்தான். வசனம் சரியானது, அதை நீட்டிய கை தவறானது.

கண்ணை மூடிப் பக்கத்தைத் திறந்து விரல் வைத்த இடத்தில் முடிவெடுக்காதீர்கள். சீட்டுப் போட்டு வசனம் எடுக்கும் வழக்கத்தையே நான் குறை சொல்லவில்லை. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் சபையார் 1728-லிருந்து நாளுக்கொரு வசனம் வைத்து வாழ்கிறார்கள். 1731-லிருந்து அது வருடாந்தரப் புத்தகமாக வருகிறது. அந்தச் சபையின் சகோதரர்கள் 1760-ல் தரங்கம்பாடிக்கும் வந்து குடியேறினார்கள். அவர்கள் பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டில் எடுக்கிறார்கள். அதற்குப் பொருந்தும் புதிய ஏற்பாட்டு வசனத்தை யோசித்துத் தேர்ந்து பக்கத்தில் வைக்கிறார்கள். யோசனைக்கு அங்கே இடம் இருக்கிறது. நிலம் வாங்கலாமா, இந்தப் பெண்ணைக் கட்டலாமா என்பதற்கு விரல் வைத்துப் பார்க்கிறவர் வில்லங்கச் சான்றிதழையும் பார்ப்பதில்லை, அந்தப் பெண்ணின் சம்மதத்தையும் கேட்பதில்லை.

துக்க வீட்டில் வசனத்தை நீட்டாதீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் எல்லாம் நன்மைக்கே என்கிற பொருளில் ரோமர் 8:28-ஐச் சொல்லிவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அந்த அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. மனம் உடைந்தவர் முன் பாட்டுப் பாடுவது, குளிரில் நடுங்குகிறவரின் துணியை உருவுவது போல என்று நீதிமொழிகள் 25:20 எச்சரிக்கிறது. யோபின் நண்பர்கள் முதல் ஏழு நாள் பேசாமல் தரையில் அவரோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் நல்லது அது ஒன்றுதான். வாயைத் திறந்து விளக்கம் சொன்ன பிறகுதான் தேவனே அவர்களைக் கடிந்துகொள்ளும்படி ஆயிற்று. லாசருவின் கல்லறைக்கு வந்த இயேசு, அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்தும் அழுதார். நீங்களும் அழுங்கள். தண்ணீர் கொண்டுவந்து கொடுங்கள். பாத்திரம் கழுவிவிட்டு வாருங்கள்.

அடி வாங்கும் பெண்ணை வசனம் சொல்லித் திருப்பி அனுப்பாதீர்கள். எபேசியர் 5:22-ஐ எடுத்துக் கீழ்ப்படியச் சொல்கிறவர்கள், மூன்று வசனம் தள்ளிப் புருஷனுக்குச் சொன்னதைப் படிப்பதே இல்லை. தன் உயிரைக் கொடுக்கும் அளவு நேசிக்க வேண்டியது அவன் கடமை என்று 25ஆம் வசனம் சொல்கிறது. அவளுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பான ஓர் இடம். 181 மகளிர் உதவி எண்ணை வசன அட்டைக்குப் பின்னால் எழுதிக் கொடுங்கள்.

மாத்திரையை நிறுத்தாதீர்கள். எசேக்கியா ராஜா ஜெபித்தார், தேவன் கேட்டார். ஆனாலும் ஏசாயா 38:21-ல் கட்டியின்மேல் அத்திப்பழப் பற்றுப் போடச் சொல்லப்படுகிறது. தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்குப் பவுல் கைமருந்து சொல்கிறார். அவரோடு இருந்த லூக்கா ஒரு வைத்தியர். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து எப்படியோ அப்படித்தான் மனநோய்க்கும். விசுவாசம் போதவில்லை என்று சொல்லி ஒருவரைக் குற்றவாளியாக்குவது பாவம். சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்கு முதலில் வந்தது பிரசங்கம் இல்லை. 1 இராஜாக்கள் 19-ல் தூதன் தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுக்கிறான், அவர் மறுபடி தூங்குகிறார், இரண்டாம் முறையும் சாப்பிடக் கொடுக்கிறான். உங்கள் பக்கத்தில் யாராவது வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னால் தனியே விடாதீர்கள். 14416 டெலி மானஸ், 104 இரண்டும் நம் மாநிலத்தில் கூப்பிடக்கூடிய எண்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே அழுத்திக் கொடுங்கள்.

மற்றவரைக் குத்துவதற்காக வசனத்தை ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள். நாத்தனாருக்குச் சொல்ல வேண்டியதை நாத்தனாரிடம் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலன் உண்டு என்கிற பிலிப்பியர் 4:13-ஐ வைத்துக்கொண்டு படிக்காமல் பரீட்சைக்குப் போக வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பவுல் அதைச் சிறையிலிருந்து எழுதினார். பசித்தாலும் வயிறு நிறைந்தாலும் திருப்தியாக இருக்கக் கற்றுக்கொண்டேன் என்பதுதான் முந்தைய வசனங்கள்.

அடுத்த வீட்டுச் சுவரிலும் கோயில் தெருவிலும் வசனம் ஒட்டாதீர்கள். உபாகமம் 6:9 நிலைக்காலில் எழுதச் சொல்வது நம் வீட்டு நிலைக்காலில்தான். அதற்கும் மூன்று வசனம் முன்பே நம் இருதயத்தில் இருக்கச் சொல்லிவிட்டது.

இந்த வருடக் கடைசியிலும் உங்கள் கைக்கு ஓர் அட்டை வரும். அதன் பின்பக்கம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். அந்த வசனம் எந்த அதிகாரத்தில் இருக்கிறது என்று அங்கே எழுதுங்கள். ஜனவரி முதல் தேதி மத்தியானம் சாப்பிட உட்காரும் முன், வீட்டில் ஒருவர் அந்த அதிகாரத்தை முழுவதும் சத்தமாக வாசிக்கட்டும். மற்றவர்கள் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேளுங்கள்.