கணிப்பொறியின் மின்வழங்கி அடிக்கடி பழுதுறுதல்: காரணம் காணும் முறை

பெங்களூரில் அல்சூர் ஏரிக்கு அருகே, மூன்று குடித்தனங்கள் கொண்ட ஒரு பழைய வீட்டின் மாடியில் இக்கட்டுரையாசிரியர் வசித்து வருகிறார். பிள்ளைகளின் பாடங்களுக்கும் தம்முடைய மொழிபெயர்ப்பு வேலைக்கும் உபயோகமாகும் மேசைக் கணிப்பொறி ஒன்று அவ்வீட்டில் உண்டு. பதினான்கு மாதங்களுக்குள் அதன் மின்வழங்கி மூன்று முறை கெட்டுப்போயிற்று. முதல் முறை, சரக்கு மட்டமானது என்று கருதி எஸ்.பி. ரோடு கடைத்தெருவில் வேறொன்று வாங்கினோம். இரண்டாம் முறை, சித்திரை மாதத்து இடிமழையின்மேல் பழியைப் போட்டோம். மூன்றாம் முறை இடியும் இல்லை, மழையும் இல்லை. வாங்கியிருந்ததும் நல்ல சரக்கே. அம்முறை மின்வழங்கியோடு ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்து பாழாகி, மூத்த பெண் ஓராண்டாகச் சேர்த்து வைத்திருந்த தேர்வுக் குறிப்புகள் யாவும் மறைந்தன. பழுதான பொருளை மாற்றுவது ஒன்று, பழுதின் காரணத்தைக் காண்பது வேறொன்று என்பதை அப்பொழுதுதான் உணர்ந்தோம்.

பள்ளிகளிலும் கிளை அலுவலகங்களிலும் கணிப்பொறியைப் பொறுப்பேற்றிருக்கும் ஆசிரியர்களுக்கும் களப் பணியாளர்களுக்கும் இதே தொல்லை நேர்வதுண்டு. ஆகையால் இதனை ஒரு பாடமாகவே எடுத்துக்கொள்வோம்.

மின்வழங்கி செய்யும் வேலை

கடைக்காரர்கள் எஸ்.எம்.பி.எஸ். என்று கூறும் இவ்வுலோகப் பெட்டி, நம் வீட்டிற்கு வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்தை வாங்கி, கணிப்பொறியின் உறுப்புகளுக்கு வேண்டிய 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்னோட்டங்களாக மாற்றித் தருகிறது. 1995-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். என்னும் அமைப்பை ஒட்டியே இன்றைய மேசைக் கணிப்பொறிகளின் மின்வழங்கிகள் பெரும்பாலும் செய்யப்படுகின்றன.

230 வோல்ட் என்பது பயனுறு (ஆர்.எம்.எஸ்.) மதிப்பைக் குறிக்கும் அளவு. அலையின் உச்சியில் அது 1.414 மடங்காக, அதாவது சுமார் 325 வோல்ட்டாக உயர்கிறது. பெட்டிக்குள் நுழைந்ததும் இம்மின்சாரம் திருத்தப்பட்டு, ஒரு பெரிய கெபாசிடரில் சேமிக்கப்படுகிறது. அக்கெபாசிடர் சாதாரணமாக 400 முதல் 450 வோல்ட் வரையில்தான் தாங்கும். இந்த எண்களை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இவற்றிற்குத் திரும்புவோம்.

சேமித்த மின்சாரத்தை வினாடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்துத் துண்டித்து ஒரு சிறிய டிரான்ஸ்பார்மருக்குள் செலுத்தி, வேண்டிய அளவுக்குக் குறைத்துக்கொள்வதே இக்கருவியின் நுட்பம். எல்லா அளவுகளும் சரியான நிலையை எய்தியபின், அரை வினாடிக்குள் ‘மின்சாரம் நன்று’ என்னும் குறிப்பை அது தாய்ப்பலகைக்கு அனுப்புகிறது. அக்குறிப்பு வராவிடில் கணிப்பொறி விழிக்காது.

முதலில் கேட்க வேண்டியது: எப்பொழுது?

திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு குறிப்பேட்டை எடுக்க வேண்டும். எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்த நிலையில் பழுது நேர்ந்தது? வேலை மும்முரமாக நடக்கும்போதா, ஸ்விட்சைப் போட்டவுடனா, மின்சாரம் போய்த் திரும்பிய தறுவாயிலா? வெடித்த ஓசை கேட்டதா, தீய்ந்த மணம் வந்ததா, ஓசையின்றி ஓய்ந்ததா? ஒரு முறை நேர்ந்தால் அது விபத்தாக இருக்கலாம். மூன்று முறை நேர்ந்தால் அதற்கு ஓர் ஒழுங்கு இருந்தே தீரும்.

எங்கள் வீட்டில் மூன்று பழுதுகளும் காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் நிகழ்ந்தவை. இதை முதலில் கவனித்தவர் வீட்டுப் பெண்மணியே. கூடவே இன்னொன்றையும் அவர் சொன்னார்: காலையில் சமையலறை விளக்கு சில சமயம் தானாகவே பளிச்சென்று பிரகாசிக்கிறது என்றார். வீட்டில் மங்குகிற விளக்கைப் பற்றிப் புகார் செய்வோர் பலர். பிரகாசிக்கிற விளக்கை யாரும் குறையாகக் கருதுவதில்லை. ஆனால் கணிப்பொறிக்கு இரண்டாவதே பெரிய ஆபத்து.

மல்டிமீட்டரைக் கொண்டு அளந்தோம். காலை ஐந்தரை மணிக்கு 229 வோல்ட் இருந்தது. கீழ்வீட்டில் குளியலுக்குக் கீசர் போட்டவுடன் எங்கள் அளவு 242 ஆயிற்று. இடையிடையே ஒரு கணம் 280-ஐயும் தாண்டி விழுந்தது. அதே வேளையில் கீழ்வீட்டு விளக்குகள் மங்கின. ஒருவர் வீட்டில் சுமை ஏறும்போது மற்றவர் வீட்டில் அழுத்தம் உயருமாயின், காரணம் ஏறக்குறைய உறுதி: நியூட்ரல் இணைப்பு தளர்ந்திருக்கிறது.

நியூட்ரல் அறுந்தால் நேர்வது

இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். தெருவிலிருந்து மூன்று பேஸ் கம்பிகளும் ஒரு நியூட்ரல் கம்பியும் கட்டடத்திற்கு வருகின்றன. ஒவ்வொரு குடித்தனத்திற்கும் ஒரு பேஸ். நியூட்ரல் மட்டும் எல்லோருக்கும் பொது. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரண்டு பேஸ்களுக்கு இடையே சுமார் 400 வோல்ட். பொதுவான நியூட்ரல் அறுந்துவிட்டால், இரண்டு குடித்தனங்களின் சாதனங்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டு, அந்த 400 வோல்ட்டைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பங்கீடு நியாயமாக நடப்பதில்லை. எவர் வீட்டில் சுமை குறைவோ, அவர் வீட்டிற்கே அதிக வோல்ட் வருகிறது.

உதாரணமாக, கீழ்வீட்டில் 2000 வாட் கீசர் ஓடுகிறது. மாடியில் கணிப்பொறி, விசிறி, விளக்கு எல்லாம் சேர்ந்து 500 வாட். எளிமைக்காக இவற்றைச் சாதாரண மின்தடைகள் என்றே கொள்வோம். கீசரின் தடை 26.45 ஓம், மாடிச் சாதனங்களின் தடை 105.8 ஓம். 400 வோல்ட்டை இவ்விகிதத்தில் பிரித்தால் கீழ்வீட்டிற்கு 80 வோல்ட்டும் மாடிக்கு 320 வோல்ட்டும் கிடைக்கும். 320 வோல்ட்டின் உச்சி 452 வோல்ட். முன்பு நினைவில் வைத்த எண்ணை இப்பொழுது எடுத்துக்கொள்க: 450 வோல்ட் தாங்கும் கெபாசிடரும் இதன்முன் நில்லாது. ஆசிரியர்கள் இக்கணக்கை ஓம் விதியின் பயிற்சியாகவே வகுப்பில் கொடுக்கலாம்.

எங்கள் வீட்டில் நியூட்ரல் முழுவதும் அறுபடவில்லை. கீழ்த்தளத்து மீட்டர் பலகைக்கு அருகில் பித்தளை இணைப்பின் திருகு தளர்ந்து, பச்சை பிடித்து, சுற்றியிருந்த மரம் கரிந்திருந்தது. இணைப்பு தொட்டும் தொடாமலும் இருந்த கணங்களில்தான் எங்கள் மின்வழங்கிகள் பலியாயின. இன்னும் சில வாரங்கள் விட்டிருந்தால் மரப்பலகையே தீப்பற்றியிருக்கும் என்று, வந்து பார்த்த மின்பணியாளர் கூறினார். மூன்று குடித்தனத்துப் பிள்ளைகளும் பள்ளிக்குப் போகும் முன் செருப்பு மாட்டுவது அப்பலகைக்கு அடியிலேதான்.

இவ்வேலையை உரிமம் பெற்ற பணியாளரைக் கொண்டே செய்விக்க வேண்டும். மீட்டருக்கு முன்னால் உள்ள இணைப்புகளையும் முத்திரைகளையும் நுகர்வோர் தொடுதல் கூடாது. பெங்களூரில் 1912 என்னும் தொலைபேசி எண்ணில் பெஸ்காம் நிறுவனத்திற்குத் தெரிவிக்கலாம்.

மின்சாரம் போய் வரும் வேளை

இடிமழையை நாங்கள் சந்தேகித்ததும் முற்றிலும் தவறன்று. சுமார் 900 மீட்டர் உயரத்தில் அமைந்த இந்நகரில் ஏப்ரல், மே மாதங்களின் மாலை வேளைகளில் இடியுடன் கூடிய மழை வருவது வழக்கம். சாலையோர மரங்களின் கிளைகள் கம்பிகளின்மேல் சாய்கின்றன; மின்சாரம் போகிறது, சில வினாடிகளில் வருகிறது, மீண்டும் போகிறது.

மின்வழங்கியின் நுழைவாயிலில் தெர்மிஸ்டர் என்னும் சிறு வட்டு ஒன்று உண்டு. குளிர்ந்திருக்கும்போது அதன் தடை அதிகம். ஆகவே வெறுமையான கெபாசிடருக்குள் மின்னோட்டம் வெள்ளம்போல் பாயாமல் அது தடுக்கிறது. சூடேறியபின் தடை குறைந்து வழிவிடுகிறது. மின்சாரம் போய்ச் சில வினாடிகளிலேயே திரும்பினால், தெர்மிஸ்டர் இன்னும் சூடாகவே இருக்கும்; தடுப்பார் இன்றி வெள்ளம் பாய்ந்து, பியூஸையோ திருத்தியையோ எரித்துவிடும். எனவே மின்சாரம் போனவுடன் சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டு, திரும்பி வந்தபின் சில நிமிஷங்கள் பொறுத்துப் போடுவதே தக்கது. செலவில்லாத இந்தக் காப்பை மாணவர்களுக்கும் பழக்கலாம்.

வீட்டு இன்வெர்ட்டரை நம்புவோர் ஒன்றை அறிய வேண்டும். மின்சாரம் நின்றபின் நல்ல மின்வழங்கியே ஒரு வினாடியில் அறுபதில் ஒரு பங்கு காலம் வரைதான் கணிப்பொறியைத் தாங்கும். இன்வெர்ட்டர் அதற்குள் பொறுப்பேற்காவிடில் கணிப்பொறி அணைந்து மீண்டும் துவங்கும். பல இன்வெர்ட்டர்களில் இதற்கென யூ.பி.எஸ். நிலை என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அது ‘நார்மல்’ நிலையில் விடப்பட்டிருப்பதைப் பல இடங்களில் கண்டிருக்கிறோம்.

உஷ்ணமும் தூசியும்

வெளியிலிருந்து வரும் மின்சாரம் சரியாக இருந்தும் பழுது நேருமாயின் பெட்டியின் உட்புறத்தை நோக்க வேண்டும். வெளியீட்டுப் பக்கத்துக் கெபாசிடர்களில் மின்பகு திரவம் உண்டு. உஷ்ணத்தால் அது சிறிது சிறிதாக உலர்கிறது. உஷ்ண நிலை 10 டிகிரி உயர்ந்தால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர் கைக்கொள்ளும் கணக்கு. 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று குறிக்கப்பட்ட கெபாசிடர் 65 டிகிரியில் 32,000 மணி நேரம் உழைக்கும். விசிறி தூசியடைந்து உட்புறம் 85 டிகிரியாயின் 8,000 மணி நேரந்தான். தலை உப்பியிருக்கும் கெபாசிடர் தன் கதையைத் தானே சொல்லிவிடும். மேசைக்கு அடியில் சுவரோடு ஒட்டிக் கணிப்பொறியை வைப்பதும், அதன்மேல் துணி போர்த்துவதும் இவ்வகையில் தீங்கானவை.

சோதிக்கும் முறை

எச்சரிக்கை முதலில். மின்வழங்கியின் பெட்டியைப் பயிற்சியில்லாதவர் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் 330 மைக்ரோ பாரட் கெபாசிடர் ஒன்றில் சுமார் 17 ஜூல் ஆற்றல் தங்கியிருக்கலாம். உயிருக்கு ஆபத்து விளைவிக்க அது போதும்.

திறவாமலேயே பெரும்பகுதி அறியலாம். தாய்ப்பலகையில் செருகும் 24 முனை இணைப்பில், சுவர் ஸ்விட்ச் போடப்பட்டிருக்கும் நிலையில் 9-ஆம் முனையில் எப்பொழுதும் 5 வோல்ட் இருக்க வேண்டும். அது இல்லையெனில் மின்வழங்கியோ, சுவர் மின்சாரமோ குற்றமுடையது. இருப்பின், கணிப்பொறியை இயக்கி மற்றவற்றை அளக்க: 12 வோல்ட் 11.4-க்கும் 12.6-க்கும் இடையிலும், 5 வோல்ட் 4.75-க்கும் 5.25-க்கும் இடையிலும் நிற்க வேண்டும். வேலை அதிகமாகும்போது 12 வோல்ட் தளர்ந்தால், மின்வழங்கி சுமைக்குப் போதாதது என்று கொள்ளலாம். பழைய கம்பிகளில் மஞ்சள் 12, சிவப்பு 5, ஆரஞ்சு 3.3 என்று நிறம் கொண்டே அறியலாம். இப்பொழுது பல கருவிகளில் எல்லாக் கம்பிகளும் கறுப்பே. இது பார்வைக்கு அழகாயிருக்கலாம். பழுது பார்ப்பவருக்கு உபகாரமன்று.

எர்த் இணைப்பு

கணிப்பொறியின் உலோக உடலைத் தொட்டால் விரலில் லேசாக ‘சுரீர்’ என்கிறதா? மின்வழங்கியின் நுழைவாயிலில் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உடலுக்கு இரு சிறு கெபாசிடர்கள் இணைக்கப்பட்டுள்ளன. எர்த் இல்லாவிடில், அவற்றின் நடுவில் நிற்கும் உடல் ஏறத்தாழப் பாதி அழுத்தத்தை, அதாவது 115 வோல்ட்டைப் பெறுகிறது. மின்னோட்டம் மிகச் சிறிதாதலால் உடனே தீங்கில்லை. ஆனால் உள்ளே காப்பு உடைந்து பேஸ் உடலைத் தொடும் நாளில், காக்க எதுவும் இராது. மூன்று முனைப் பிளக்கின் தடித்த முனையை நீக்கி இரண்டு முனைச் செருகியில் போடுவோர், இச்சுரீரையே தம் கையால் தேடிக்கொள்கிறார்கள்.

எங்கள் வீட்டுச் சோதனையில் இதுவும் அகப்பட்டது. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் காட்டிய மீட்டர், பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே அவ்வளவையே காட்டியிருக்க வேண்டும். எண் நிலைகொள்ளாமல் அலைந்தது. எர்த் கம்பி சுவருக்குள் எங்கோ முடிந்து, மண்ணை அடையவேயில்லை. புதிய எர்த் குழி தோண்டத் துவங்கினால் நான்கு அடியில் பாறை. லால்பாக்கில் குன்றாக எழுந்து நிற்கும் அதே வகைப் பாறை இந்நகரில் பல இடங்களில் செம்மண்ணுக்குச் சற்றுக் கீழேயே கிடக்கிறது. 2.5 மீட்டர் நீளக் குழாயை நேராக இறக்க இயலாத இடங்களில், செங்குத்திலிருந்து 30 பாகைக்கு மிகாமல் சாய்த்துப் புதைக்க இந்தியத் தர விதி இடங்கொடுக்கிறது. அவ்வாறே புதைத்து, கரியும் உப்பும் இட்டு நிரப்பினோம். கோடையில் வாரம் ஒரு முறை அக்குழியில் ஒரு குடம் நீர் ஊற்றுவது இளைய பையனின் பொறுப்பு.

நியூட்ரல் இணைப்பு புதுப்பிக்கப்பட்ட பின், கீழ்வீட்டில் கீசர் ஓடும்போதும் எங்கள் மீட்டர் 228-க்கும் 232-க்கும் இடையே நிற்கிறது. மின்பணியாளர் தந்த ஆலோசனைப்படி, அழுத்தம் மிகுந்தால் தானே துண்டிக்கும் காப்புக் கருவி ஒன்றும், 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் ஸ்விட்ச் ஒன்றும் மூன்று குடித்தனத்திற்கும் பொருத்தப்பட்டன. அவற்றுக்கான செலவு, நாங்கள் வாங்கிக் கெடுத்த மூன்று மின்வழங்கிகளின் விலையைவிடக் குறைவாகவே ஆயிற்று.