தீ மூட்டும்போதே தொடங்கு

அன்புள்ள தம்பிக்கு,

நம் பாப்பிரெட்டிப்பட்டிப் பண்டிகையில் நீ எடுத்த பறையாட்ட வீடியோவை நாலு முறை பார்த்துவிட்டேன். ஆட்டம் நன்றாகத் தெரிகிறது, பறைதான் கேட்கவில்லை. பறையை ஒட்டி ஃபோனை நீட்டியிருக்கிறாய். அடிக்கு அடி சத்தம் கிழிகிறது. அடுத்த முறை ஏழெட்டு அடி தள்ளி நில். காற்றுக்கு முதுகு காட்டிக்கொள். நடுவில் யாரும் கூப்பிடாதபடி ஏரோப்பிளேன் மோடில் போட்டுவிடு.

இதெல்லாம் சின்ன விஷயம். ஆட்டம் தொடங்கிய பிறகுதானே நீ ரெக்கார்டிங்கைத் தொடங்கினாய்? அதற்குள் பாதிக் கதை முடிந்துவிட்டது.

வைக்கோலைக் கொளுத்திப் பறை காய்ச்சுவதைப் பார்த்திருப்பாய். ஈரம் ஏறிய தோல் தொய்ந்து தொப்பென்று ஒலிக்கும். சூடு பட்டதும் ஈரம் போய் விறைக்கும். காய்ச்சுகிறவர் இடையிடையே விரலால் தட்டிப் பார்ப்பார். கணீரென்றதும் தீயைவிட்டு எடுத்துவிடுவார். சுருதிப்பெட்டி கிடையாது, காதுதான் கணக்கு. அந்தத் தொப்பிலிருந்து கணீர் வரை விடாமல் பதிவு செய்.

பிறகு, பறை கட்டுகிறவர் வீட்டுக்குப் போ. மூன்று மரத்துண்டுகளை வளையமாகச் சேர்ப்பது, புளியங்கொட்டைப் பசை காய்ச்சுவது, ஊறிய தோலை இழுத்து ஒட்டுவது எல்லாவற்றையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல். எந்த மரம், ஏன் அந்த மரம் என்று கேள். தடித்த அடிக்குச்சியால் ஒருமுறை, மெல்லிய சிண்டுக்குச்சியால் ஒருமுறை, தனித்தனியாக அடிக்கச் சொல்லிப் பதிந்துகொள். குச்சிகளுக்கு அவர் வேறு பெயர் சொன்னால் அதையே எழுது, திருத்தாதே.

பதிவில் ஊரும் பெயரும் ஏன் வேண்டும் தெரியுமா? 1938-ல் ஆர்னால்டு பேக் என்ற டச்சு இசை ஆய்வாளர் தென்னிந்தியாவில் பாட்டையும் கூத்தையும் பதிவு செய்தார். 46 ஆண்டுகள் கழித்து, 1984-ல், நசீர் ஜைராஸ்பாயும் ஏமி கேட்லினும் அந்தப் பதிவுகளோடு தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் என்று தேடிவந்து, எது நிலைத்தது, எது மாறியது என்று பார்த்தார்கள். ஊர்ப் பெயர் இல்லாத பதிவோடு எந்த ஊருக்குத் திரும்புவது? ஆகவே ரெக்கார்டிங்கின் தொடக்கத்திலேயே நாள், ஊர், கருவி, செய்தவர், அடிப்பவர் என்று உன் குரலிலேயே சொல்லிவிடு.

பெயர் சொல்ல அந்தக் கலைஞர்களின் சம்மதம் வேண்டும். பறையைச் சாவு மேளம் என்று சொல்லித் தெருக்கோடியில் நிறுத்தப்பட்டவர்கள் அவர்கள். பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிப்பு வந்ததே 2025-ல்தான். அதனால் முதலில் கேள், பிறகு எடு. உனக்காக ஒருவர் வேலையை விட்டு உட்கார்ந்தால் அன்றைய கூலியைக் கொடு. ஒரு பிரதியை அவர் கையில் சேர். யூடியூபில் போடுவதும் வேண்டாம் என்பதும் அவர் விருப்பம். வீடியோ பார்த்து யாராவது பறை கேட்டால் நேரே அவரிடம் அனுப்பு. நடுவில் நீ நிற்காதே.

அடுத்த பண்டிகைக்கு வைக்கோல் பற்றியதுமே ரெக்கார்டிங்கைப் போடு. அந்த விரல் தட்டுவது எனக்குக் கேட்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்