பழைய கலியாண வீடியோவை இன்றைய போனுக்கும் ரீவிக்கும் மாற்றுவது எப்படி

சண்டிலிப்பாயில் பேரப்பிள்ளை கண்ட ஒரு குடும்பத்தின் அலுமாரியைத் திறந்தால், பெற்றோரின் கலியாணம் வி.எச்.எஸ். கசற்றில் இருக்கும். மூத்த மகளின் சாமத்தியவீடு வீசீடியில், மகனின் கலியாணம் டிவிடியில், பேரப்பிள்ளையின் முப்பத்தோராம் நாள் கொண்டாட்டம் ஐபோனில் எடுத்து வைபரில் வந்ததாக இருக்கும். எல்லாம் ஒரே வீட்டுப் படங்கள்தான். ஆனால் எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க ஒரு கருவி இல்லை. கசற் ஓட்டும் டெக் பழுதாகிக் கனகாலம். புதிய மடிக்கணினியில் தட்டு போட இடமே இல்லை. ஐபோன் படத்தைப் பென்டிரைவில் போட்டு ரீவியில் செருகினால், “சத்தம் வருது, படம் வரேல்லை” என்று வீட்டில் குரல் எழும்.

இந்த வேலையை வீட்டிலேயே, இலவச மென்பொருள்களை வைத்தே செய்யலாம். அவசரம் மட்டும் கூடாது. 1995 ஒக்ரோபர் 30இல் போரினால், சண்டிலிப்பாய் உள்ளிட்ட வலிகாமமே தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தது. 1996இல் திரும்பி வந்த பலருடைய வீடுகளில் அல்பமும் இல்லை, கசற்றும் இல்லை. அதற்கு முன் வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பிய கொப்பிதான் சில குடும்பங்களுக்கு மிஞ்சியது. உங்கள் கையில் இருப்பதும் அப்படியான ஒரேயொரு கொப்பியாக இருக்கலாம். ஆகவே எந்த மாற்றத்தையும் மூலத்தின் பிரதியில் செய்யுங்கள். மாற்றி முடிந்த பிறகும் மூலத்தை எறிய வேண்டாம்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறதென்று பாருங்கள்

எம்பி4, எம்கேவி, ஏவிஐ, மோவ் என்று கோப்பின் பெயருக்குப் பின்னால் வருவது கொள்கலனின் பெயர். படமும் ஒலியும் எந்த முறையில் சுருக்கப்பட்டு அதற்குள் இருக்கின்றன என்பது வேறு விஷயம். அந்த முறைக்குக் கோடெக் என்று பெயர். படத்துக்கு எம்பெக்-2, எச்.264, எச்.265 முதலியன, ஒலிக்கு ஏஏசி, ஏசி3, எம்பி3 முதலியன. ஒரே எம்பி4 கொள்கலனுக்குள் எச்.264உம் இருக்கலாம், எச்.265உம் இருக்கலாம். பழைய ரீவிக்கு முன்னது விளங்கும், பின்னது பெரும்பாலும் விளங்காது. “எம்பி4 தானே, ஏன் ஓடேல்லை” என்ற கேள்விக்கு விடை இதுதான்.

கணினியில் விஎல்சி பிளேயரை நிறுவிக் கோப்பைத் திறந்து, டூல்ஸ் பட்டியலில் கோடெக் இன்ஃபர்மேஷன் என்பதை அழுத்துங்கள். படத்தின் கோடெக், அளவு, விநாடிக்கு எத்தனை ஃபிரேம், ஒலியின் கோடெக் நான்கையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

இதைப் பார்த்த பிறகு இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். உள்ளே எச்.264 படமும் ஏஏசி ஒலியும் இருந்து கொள்கலன் மட்டும் எம்கேவியாகவோ மோவாகவோ இருந்தால், படத்தைத் தொடாமல் கொள்கலனை மட்டும் மாற்றினால் போதும். அவிடெமக்ஸ் என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, வீடியோ அவுட்புட், ஓடியோ அவுட்புட் இரண்டையும் ‘கொப்பி’ என்றே விட்டு, அவுட்புட் ஃபோர்மட்டில் எம்பி4 மக்சர் என்பதைத் தெரிந்து சேமியுங்கள். ஒரு மணி நேரப் படம்கூடச் சில நிமிடங்களில் முடிந்துவிடும், தரம் இம்மியும் குறையாது. கோடெக்கே பழையதென்றால் மறுபடி சுருக்கியாக வேண்டும். அதற்கு நேரம் எடுக்கும். ஒவ்வொரு முறை சுருக்கும்போதும் படம் கொஞ்சம் தேயவும் செய்யும். முதல் வழி முடியுமென்றால் இரண்டாவதற்குப் போகாதீர்கள். தெரியாத இணையத்தளங்களில் கோப்பை ஏற்றி மாற்றுவதையும் தவிருங்கள். வீட்டுப் பெண்பிள்ளையின் சாமத்தியவீட்டுப் படத்தை யாருடைய சேர்வரிலோ கொண்டுபோய் வைக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை.

கசற்

கசற், வீசீடி, டிவிடி, போன் நான்கிலும் பொறுமை கேட்பது இதுதான், முதலில் கெட்டுப்போவதும் இதுதான். கசற்றின் கண்ணாடி வழியாக நாடாச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளைத் தூள்போல ஏதாவது படர்ந்திருந்தால் அது பூஞ்சணம். அதை டெக்கில் போடக்கூடாது. போட்டால் டெக்கின் தலை அழுக்காகி, அடுத்துப் போடும் நல்ல கசற்றுக்கும் பூஞ்சணம் பரவும். நாடாவைத் துப்புரவாக்கத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். பூஞ்சணம் இல்லையென்றால் ஒருதரம் கடைசிவரை ஓட்டி, மறுபடி முதலுக்குச் சுற்றுங்கள். பல வருடமாக ஒரே கிடையில் கிடந்த நாடா அப்போதுதான் இறுக்கம் சீராகி ஓடும்.

டெக்கின் பின்புறத்து மஞ்சள் வயர் படத்துக்கு, சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கு. இவற்றை யூஎஸ்பி கப்சர் கருவி ஒன்றில் செருகி, அதைக் கணினியில் செருகுங்கள். ஓபிஎஸ் என்ற இலவச மென்பொருளில் புதிய சோர்ஸாக வீடியோ கப்சர் டிவைஸைச் சேர்த்து, ஒளிபரப்பு முறையைப் பால் என்று வையுங்கள். இலங்கையில் பதிந்த கசற் பால் முறையில்தான் இருக்கும்: 576 கோடுகள், விநாடிக்கு 25 ஃபிரேம். கன்வஸ் அளவு 768×576, ஃபிரேம் வேகம் 50 என்று வைத்து, சோர்ஸில் வலது சொடுக்கி டீஇன்டர்லேசிங் என்பதில் யாடிஃப் 2எக்ஸ் தெரியுங்கள். ஏன் 50 என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கனடாவில் இருந்து திரும்பி வந்த கொப்பி என்றால் கணக்கு வேறு. அங்கே என்ரிஎஸ்சி முறை: 480 கோடுகள், விநாடிக்கு 29.97 ஃபிரேம். ஊரில் எடுத்த பால் கசற்றை அங்கே பார்ப்பதற்காக மாற்றிய பிரதி அது. அதை மறுபடி பாலுக்கு மாற்றிக் கெடுக்க வேண்டாம். என்ரிஎஸ்சி என்றே பதிந்து, வந்த வேகத்திலேயே வைத்திருங்கள். இன்றைய போனுக்கும் ரீவிக்கும் இரண்டும் ஒன்றுதான். மூலப் பால் கசற் எங்காவது கிடைத்தால் மட்டும் அதையே எடுங்கள். ஒருமுறை மாற்றப்பட்டதைவிட அது நிச்சயமாகத் தெளிவாக இருக்கும்.

பதியும் கோப்பை எம்கேவி என்று வையுங்கள். சண்டிலிப்பாயில் இருப்பவருக்கு இது மிக முக்கியம். எம்பி4 கோப்பு தன் உள்ளடக்க அட்டவணையைப் பதிவு முடியும்போதே எழுதும். இடையில் கரன்ட் போனால் இரண்டு மணி நேரப் பதிவும் திறக்க முடியாத கோப்பாகிவிடும். எம்கேவியில் கரன்ட் போன நிமிடம் வரைக்கும் இருப்பது தப்பும். 2022 மார்ச்சில் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டைப் பார்த்தவர்கள் நாங்கள். பதிந்து முடிந்ததும் ஓபிஎஸ்ஸின் ஃபைல் பட்டியலில் ரீமக்ஸ் ரெக்கோடிங்ஸ் என்பதை அழுத்தினால், தரம் குறையாமல் எம்பி4 ஆகிவிடும்.

மூன்று மணி நேரக் கசற் மூன்று மணி நேரமே ஓடும், வேகமாக்க முடியாது. அந்த நேரம் முழுக்க யாராவது ஒருவர் இடையிடையே எட்டிப் பார்க்க வேண்டும். அம்மாவையோ அம்மம்மாவையோ பக்கத்தில் இருத்துங்கள். சபையில் இருப்பவர் யார், எந்த ஊர், இப்போது உயிரோடு இருக்கிறாரா என்று அவர்கள் சொல்லச் சொல்ல, நேரத்தோடு குறித்துக்கொண்டு போங்கள். இன்னும் பத்து வருடத்தில் அந்தத் தாள் இல்லாமல் படத்தில் பாதிப் பேரை யாருக்கும் அடையாளம் தெரியாது.

வீசீடியும் டிவிடியும்

தட்டில் இருந்து நேரே மாற்றாதீர்கள். முதலில் முழுவதையும் கணினிக்குக் கொப்பி எடுங்கள். மடிக்கணினியில் இடமில்லையென்றால் யூஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் ஒன்று தேவைப்படும். கீறல் பட்ட தட்டை மெல்லிய துணியால் நடுவில் இருந்து வெளிப்புறமாக நேராகத் துடையுங்கள், வட்டமாக அல்ல. அப்படியும் பாதியில் நின்றால் வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒன்று வாசிக்காததை இன்னொன்று வாசிப்பது சாதாரணம்.

வீசீடியில் எம்பெக்ஏவி என்ற கோப்புறைக்குள் டட் என்று முடியும் கோப்பு இருக்கும். பெயரின் முடிவை எம்பிஜி என்று மாற்றினாலே பெரும்பாலான மென்பொருள்கள் திறக்கும். படம் 352×288 அளவுதான். எதைச் செய்தாலும் அதற்கு மேல் தெளிவு வராது. செயற்கை நுண்ணறிவால் 4கே ஆக்கித் தருகிறோம் என்று இப்போது விளம்பரங்கள் வருகின்றன. மங்கலான முகத்தில் இல்லாத கண்ணையும் மூக்கையும் அந்த மென்பொருள் ஊகித்து வரைகிறது. அப்படி வருவது உங்கள் அப்பாச்சியின் முகமாக இருக்காது. குடும்பப் பதிவுக்கு அதை நான் முற்றாக மறுக்கிறேன்.

டிவிடியில் வீடியோ டிஎஸ் என்ற கோப்புறை இருக்கும். உள்ளே ஒவ்வொன்றும் 1 கிகாபைட் அளவுக்குள் வெட்டப்பட்ட விஓபி கோப்புகள். ஒரு கலியாணமே நாலைந்து துண்டாகக் கிடக்கும். துண்டு துண்டாக மாற்றினால் தாலி கட்டும் இடத்திலேயே வெட்டு விழலாம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளை அதன் சொந்தத் தளமான ஹேண்ட்பிரேக் டொட் எஃப்ஆரில் இருந்து மட்டும் இறக்கி, அந்த முழுக் கோப்புறையையும் கொடுத்தால், அது தானே தொடுத்து ஒரே படமாகக் காட்டும். டைட்டில் பட்டியலில் நீளம் கூடியதைத் தெரியுங்கள். சில விநாடி நீளமானவை மெனுப் படங்கள்.

பிறகு பிரிசெட்டில் ஃபாஸ்ட் 576பி25 என்பதைத் தெரியுங்கள். டைமென்ஷன்ஸ் பக்கத்தைத் தொடாதீர்கள். டிவிடியின் 720×576 படத்தைத் திரையில் சரியான விகிதத்துக்கு விரித்துக் காட்டும் குறிப்பு கோப்புக்குள்ளேயே இருக்கிறது. அதைக் கையால் மாற்றப் போய்த்தான் மாப்பிள்ளையும் பொம்பிளையும் அகண்ட முகத்தோடு வருகிறார்கள்.

ஃபில்டர்ஸ் பக்கம்தான் பலர் தவறவிடும் இடம். பழைய கமராக்கள் ஒரு ஃபிரேமை இரண்டு பாதியாக, ஒற்றைக் கோடுகளை ஒருமுறையும் இரட்டைக் கோடுகளை மறுமுறையும் எடுத்தன. அப்படியே விட்டால், அசையும் எதன் விளிம்பும் இன்றைய திரையில் கோடு கோடாகப் பிரிந்து தெரியும். டீஇன்டர்லேஸ் என்பதில் யாடிஃப் தெரிந்து, அதன் பிரிசெட்டைப் பொப் என்றும், வீடியோ பக்கத்தில் ஃபிரேம் வேகத்தை 50 என்றும் வையுங்கள். 25 என்று விட்டால் அந்தப் பாதிகளில் இருந்த அசைவு வீணாகிவிடும். கெட்டிமேளம் கொட்டும்போது தவில்காரரின் விரல்களைப் பாருங்கள். 25இல் அவை புகையாகத் தெரியும். 50இல் ஒவ்வொரு அடியும் தெரியும். அளவெட்டியும் இணுவிலும் வளர்த்த தவிலை அப்படிப் புகையாக விட்டுவைக்க எனக்கு மனமில்லை.

வீடியோ கோடெக் எச்.264. தர அளவான ஆர்எஃப் எண், இந்த அளவுப் படத்துக்கு 18 முதல் 22 வரை பொருந்தும். எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும். நான் 20 வைப்பேன். 1990களில் ஜெனரேற்றர் வெளிச்சத்தில் எடுத்த, புள்ளி புள்ளியாக இரையும் படம் என்றால் 18. ஒலிக்கு ஏஏசி, 160 கிலோபிட். கொள்கலன் எம்பி4.

முழுப் படத்தையும் ஓடவிட முன் ஒரு நிமிடத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். ரேஞ்ச் என்ற இடத்தில் விநாடிக் கணக்கில் தொடக்கமும் முடிவும் கொடுக்கலாம். அந்த நிமிடம் தாலி கட்டும் நேரமாக இருக்கட்டும். பூவும் அறுகரிசியும் ஒரே நேரத்தில் பறக்கும், எல்லாரும் எழும்புவார்கள், வீடியோ லைட் முகத்தில் அடிக்கும். சுருக்கும் மென்பொருளுக்கு இதைவிடக் கடினமான காட்சி அந்தப் படத்தில் இருக்காது. அரிசி மணிகள் சதுரம் சதுரமாகக் கரைந்தால் ஆர்எஃப் எண்ணைக் குறையுங்கள். அந்த நிமிடம் நன்றாக வந்தால் மிச்சமெல்லாம் வரும்.

போன் படமும் அனுப்புதலும்

2017இல் வந்த ஐஓஎஸ் 11க்குப் பிறகு, புதிய ஐபோன்கள் எச்.265 முறையிலேயே பதிகின்றன. எடுக்க முன்னரே செட்டிங்ஸ், கமரா, ஃபோர்மட்ஸ் என்று போய் மோஸ்ட் கொம்பாட்டிபிள் என்பதைத் தெரிந்தால் எச்.264இல் பதியும். எடுத்து முடிந்ததை ஹேண்ட்பிரேக்கில் ஃபாஸ்ட் 1080பி30 பிரிசெட்டால் மாற்றலாம்.

வாட்சப்பில் வீடியோவாக அனுப்பினால் அது தானே இன்னொருமுறை சுருக்கி நாசமாக்கும். டொக்குமென்ட் என்று இணைத்து அனுப்புங்கள், 2 கிகாபைட் வரை அப்படியே போகும். பென்டிரைவில் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பு ஏறவில்லையென்றால் பென்டிரைவ் பழுதல்ல. அது ஃபட்32 முறையில் இருக்கிறது. எக்ஸ்ஃபட்டுக்கு மாற்றலாம். ஆனால் மாற்றும்போது உள்ளே இருப்பது அழியும், சில பழைய ரீவிகள் எக்ஸ்ஃபட்டை வாசிப்பதும் இல்லை. கோப்பை 4 கிகாபைட்டுக்குள் வைத்திருப்பதே சுலபம். ரீவிக்குப் போகும் கோப்புக்கு ஆங்கில எழுத்தில் சிறிய பெயர் வையுங்கள். தமிழ்ப் பெயரைச் சில ரீவிகள் கட்டம் கட்டமாகக் காட்டும்.

அனுப்ப முன் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் போட்டுப் பாருங்கள். முடிவில் ஐயர் மந்திரம் சொல்லும் வாயும் சத்தமும் ஒத்துப்போகின்றனவா என்று கவனியுங்கள். மெல்ல மெல்ல விலகும் ஒலி முதல் பத்து நிமிடத்தில் பிடிபடாது. நீளமும் மூலத்தோடு ஒத்திருக்க வேண்டும்.

முடிந்த கோப்பும் பதிந்த எம்கேவியும் வீட்டில் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும். இன்னொன்று வெளிநாட்டு உறவினரிடம் இருக்கட்டும். சீரணி நாகபூஷணி அம்மன் கோயில் திருவிழா, கல்வளைப் பிள்ளையார் கோயில் தேர், சண்டிலிப்பாய் இந்துக் கல்லூரிப் பரிசளிப்பு என்று ஊருக்குப் பொதுவான பழைய பதிவு ஏதும் உங்களிடம் இருந்தால், 2005 முதல் ஈழத்து ஆவணங்களைச் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்தோடு கதையுங்கள். அவர்களுடைய ஆவணகம் தளம் ஒலி, ஒளிப் பதிவுகளுக்கானது.

இவ்வளவுக்கும் நேரமில்லாமல் கடையில் கொடுப்பதென்றால், கொடுக்கும்போதே நாலு விஷயத்தைச் சொல்லுங்கள்: மூலக் கசற்றும் தட்டும் திரும்ப வேண்டும், பாட்டும் பூப்போட்ட எழுத்தும் சேர்க்க வேண்டாம், எதையும் வெட்ட வேண்டாம், சுருக்கிய எம்பி4 கோப்போடு, முதலில் பதிந்த பெரிய கோப்பையும் ஹார்ட் டிஸ்க்கில் போட்டுத் தர வேண்டும்.