சூரைச் செடியின் அடியில் ஓர் இறைவாக்கினர்



"அங்கொடைக்கு அனுப்பவேண்டிய ஆள்" என்று ஒருவரைக் கேலிசெய்வது நம்மிடையே பழகிப்போன பேச்சு. மனநோயாளரைப் பராமரிக்கும் வைத்தியசாலை ஒன்று தன்னிடத்தே இருப்பதுதான் கொழும்புக்கு அண்மையிலுள்ள அவ்வூர் செய்த குற்றம்! இக்கேலியைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த மாணவன் ஒருவன், உயர்தரப் பரீட்சை நெருங்கும் வேளையில் இரவிரவாக நித்திரையின்றித் தவிக்கும்போது, "என்னை வைத்தியரிடம் கூட்டிப்போங்கள்" என்று வீட்டில் வாய்திறப்பானா?

அன்புவழிபுரத்திலிருந்து திருகோணமலைப் பொது வைத்தியசாலை தொலைவில் இல்லை. காய்ச்சல் என்றால் அன்றைக்கே ஓட்டோ பிடித்துக் கொண்டுபோகிறோம். மனம் நோயுற்றாலோ, அதே தூரத்தைக் கடக்க ஆண்டுகள் செல்கின்றன. அதற்குள் நாவூறு கழித்து, நூல் கட்டி, நேர்த்தி வைத்து எல்லாம் முடிந்துவிடும். நேர்த்தி வைப்பதை நான் குறைகூறவில்லை. வைத்தியம் செய்யவேண்டிய இடத்தில் அதை மட்டும் வைத்து நின்றுவிடுவதையே குறைகூறுகிறேன்.

இவ்வாரம் 1 அரசர் நூலின் 19ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். கார்மேல் மலையில் பெருவெற்றி கண்ட எலியா, ஈசபேல் அரசியின் மிரட்டலுக்கு அஞ்சி ஓடுகிறார். தம் பணியாளனைப் பெயேர்செபாவில் விட்டுவிட்டுத் தனியே பாலைநிலத்துள் ஒருநாள் வழி நடந்து, ஒரு சூரைச் செடியின் அடியில் அமர்ந்து, தமக்குச் சாவு வரட்டும் என்று மன்றாடுகிறார். பின் படுத்து உறங்கிவிடுகிறார்.

நம்மவர் யாரேனும் அவ்வழியே சென்றிருந்தால் என்ன சொல்லியிருப்போம்? "விசுவாசம் குறைந்துவிட்டது" என்றிருப்போம். வானதூதரோ கண்டிக்கவுமில்லை, உபதேசிக்கவுமில்லை. அவரைத் தொட்டு எழுப்பிச் சூடான அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். உண்டு மீண்டும் உறங்கியவரை இரண்டாம் முறையும் எழுப்பி உண்ணச் செய்தார். முன்னேயுள்ள பயணம் நீண்டது என்பதே அவர் கூறிய காரணம். கடவுள் ஓரேபு மலையில் எலியாவிடம் பேசியது நாற்பது நாள் கழித்துத்தான். நித்திரையும் பசியும் கெடுவது மனச்சோர்வு நோயின் அடையாளங்களுள் சில என்று வைத்தியர்கள் கூறுவதை இதனோடு வைத்துப் பாருங்கள்.

சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரமும் நமக்கு உதவும். நோயுற்றவன் செபிக்கவேண்டும், வைத்தியருக்கும் இடமளிக்கவேண்டும் என்று இரண்டையும் அது சேர்த்தே கூறுகிறது. உடல்நோய்க்கு மட்டும் என்று அங்கே வரம்பு எதுவும் இடப்படவில்லை.

திருச்சபையின் நடைமுறையும் இதில் வளர்ந்து வந்திருக்கிறது. வேண்டுமென்றே தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டோருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம். 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் அத்தடை இல்லை. 1992இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி, உயிரை மாய்த்தல் பெருந்தீங்கு என்று போதிக்கும் அதேவேளையில், கடும் உளக்கோளாறு ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களின் மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கலாகாது என்றும் கூறுகிறது. அப்படியிருக்க, இழவு வீட்டு முற்றத்தில் நின்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்?

நாட்டுச் சட்டமும் பிந்தியே இளகியது. உயிரை மாய்க்க முயல்வது இலங்கையில் 1998 வரை குற்றமாயிருந்தது. 1995இல் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் அவ்வாறு இறந்தனர். உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளுள் அது ஒன்று. கொடிய விவசாய நஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட, அவ்வளவு பின்னர் பாதிக்கும் கீழே இறங்கியது. அவ்வாண்டுகளில் நம் இளைஞரின் விசுவாசம் இருமடங்காகிவிட்டதா? இல்லை. கையெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாதபோது, அந்தக் கொடிய நேரத்தைக் கடந்து பலர் உயிர்பிழைத்தனர். அந்த நேரம் கடந்துபோகக்கூடியது என்பதைப் பெற்றோர் நினைவில் வைக்கவேண்டும்.

நமது கிழக்கிலேயே ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. உளவளத்துணையில் பயிற்சிபெற்ற இயேசுசபைக் குருவானவர் போல் சற்குணநாயகம் அடிகளார், கனடா நாட்டுக் கலைஞர் போல் ஹோகனுடன் சேர்ந்து, 1996இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார். போரில் நொந்த தமிழ், முஸ்லிம் சிறுவர்கள் அங்கே வந்து ஓவியம் வரைந்தார்கள், களிமண்ணில் உருவங்கள் செய்தார்கள், கதை சொன்னார்கள். நோயாளி என்ற பெயர் எவருக்கும் சூட்டப்படவில்லை. நமது பங்கு இளைஞர் மன்றங்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

பெற்றோர் எங்களிடம் மெதுவாகச் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "சுவாமி, ஒருவருக்கும் தெரியவேண்டாம், தங்கச்சிக்குக் கலியாணம் பேசுகிறோம்." இவ்வச்சத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் வைத்தியரிடம் சென்றவர் கோவிலில் கலியாணம் முடிக்க முடியாது என்ற பேச்சு முற்றிலும் தவறு. திருச்சபைச் சட்டம் 1095 கூறுவது, திருமண சம்மதத்தை அளிக்கவோ அதன் இன்றியமையாக் கடமைகளை ஏற்கவோ இயலாத பாரதூரமான நிலையைப் பற்றியது. மருந்து எடுத்துச் சுகமாய் வாழும் ஒருவரையோ, அவருடைய தங்கச்சியையோ அது தொடுவதில்லை.

பிள்ளை சாக விரும்புவதாகச் சொன்னால் அதட்டாதீர்கள், தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள நஞ்சையும் மருந்துகளையும் அப்புறப்படுத்தி, அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். மாமாவோ, சித்தியோ, ஆசிரியரோ கூடப் போய் வெளிவாங்கில் காத்திருக்கலாம். முதலில் தொலைபேசியில் பேச விரும்புவோர் தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.