தொற்காளும் ஒரு குல்லாவும்



தொற்காள் விதவைகளோடு இருந்தபோதே அவர்களுக்கு உடைகளைச் செய்தாள் என்று அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். இதை நாங்கள் தாமதமாகவே கற்றோம்.

மலைக்குளிருக்காக, பேச்சு வராத ஆறு வயதுச் சிறுமிக்கு ஃபிளீஸ் துணியில் குல்லா தைத்தோம். போட்டவுடன் அழுது பிடுங்கி எறிந்தாள். பிடிவாதம் என்று எண்ணினோம். "ஐயா, தையல் காதுல உறுத்துது" என்றார் தாய்.

அருகில் அமர்ந்து, தலையைச் சுற்றி அளவெடுத்துத் திரும்பத் தைத்தோம். ஃபிளீஸின் வெட்டிய ஓரம் நூல் பிரியாது. ஆகவே தையலை வெளிப்புறம் வைத்தோம். கழுத்து நாடா இறுக்கிவிடும். இழுத்தால் திறக்கும் வெல்க்ரோ வைத்தோம். இது பாலியெஸ்டர், நெருப்பில் உருகும். அடுப்பருகே கூடாது என்று தாயிடம் சொன்னோம்.

இப்போது கழற்ற விடமாட்டாள். தைத்து அனுப்பும் அன்பர்களே, முதலில் பிள்ளையின் அளவைக் கேளுங்கள். தாயின் சொல்லையும் கேளுங்கள்.